சாவிக்கொத்து டார்ச்: முதன்முறை வாங்குவோருக்கு

சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு டார்ச் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணைத்தான், அதாவது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவைத்தான், முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்ணைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கைக்கெட்டும் தூரத்திலிருந்து பத்துப் பதினைந்து காலடித் தூரம் வரைதான் இந்தச் சிறு விளக்குக்கு வேலை. அந்த வேலைக்கு வேண்டியவை கண்ணைக் கூசாத குறைந்த ஒளி, நம்பத்தக்க பேட்டரி, பைக்குள் தானாக எரிந்துவிடாத விசை, சாவியோடு சேர்ந்து கனக்காத எடை ஆகியவையே. இவை நான்கும் அமைந்த விளக்கு பத்து லூமன் தந்தாலும் நாள்தோறும் பயன்படும். இவை அமையாத விளக்கில் ஆயிரம் லூமன் என்று எழுதியிருந்தாலும், அது சில வாரங்களில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

முதல் படி: எங்கே, எதற்கு வேண்டும்?

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, இருட்டில் கடைசியாக எங்கெங்கே தடுமாறினீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட், பீடோர், பீடோங் போன்ற மலேசியத் தோட்டப்புற ஊர்களில் தெருவிளக்குகள் பெரிய சாலையோடும் தாமான் எனப்படும் குடியிருப்பு வீதிகளோடும் நின்றுவிடுகின்றன. கோயிலுக்குப் போகும் குறுக்குப் பாதை, பழைய லயத்து வீடுகளின் பின்புறம், செம்பனை நிரைகளுக்கு நடுவே செல்லும் செம்மண் சாலை ஆகியவற்றில் பொழுது சாய்ந்ததும் இருட்டுத்தான். மேற்குக் கரை மாநிலங்களில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். அருகில் மின்னல் இறங்கினால் மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விசை விழுந்து வீடு முழுவதும் இருண்டுவிடுவது நாம் எல்லாரும் அறிந்ததே. அந்த விசைப்பெட்டி எப்போதும் எட்டாத உயரத்தில், அலமாரிக்குப் பின்னாலோ கதவுக்கு மேலேயோ இருக்கும்.

உங்கள் தாளில் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே இருக்கும்: பூட்டின் துவாரத்தைத் தேடியது, விசைப்பெட்டியைத் திறந்தது, வாசலில் கிடந்த காலணிக்குள் பூரானோ தேளோ இருக்கிறதா என்று பார்த்தது, வழியில் நின்றுபோன மோட்டாரின் ஸ்பார்க் பிளக்கைத் தொட்டுப் பார்த்தது, கால்வாயின் மேல் போட்ட பலகையைக் கடந்தது, காரின் இருக்கைக்கு அடியில் விழுந்த காதணியைத் தேடியது. இவற்றில் நூறு மீட்டர் தொலைவுக்கு ஒளி பாய்ச்ச வேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த விளக்கு போதாது. இரண்டு கைகளும் வேலையில் இருப்பதால் அவர்களுக்கு நெற்றி விளக்குத்தான் கருவி. கால்சியம் கார்பைடின் மேல் நீர் சொட்டும்போது எழும் அசிட்டிலின் வாயுவை எரித்து, அந்தச் சுடரில் மரம் வெட்டிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வேலைக்கான வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நெற்றி விளக்கின் பேட்டரி காட்டுக்குள் தீர்ந்துபோனால், புதியதை மாற்றிப் போடுவதற்கு இன்னொரு சிறு வெளிச்சம் வேண்டும். அங்கே சாவிக்கொத்து டார்ச் உதவும்.

கைப்பேசியில்தான் விளக்கு இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் போய்வருகிறவருக்குக் கைப்பேசி விளக்கே போதும். அவர் தனியாக டார்ச் வாங்கத் தேவையில்லை என்றே சொல்வேன். மழையில் நனைகிறவருக்கும், எண்ணெய்க் கையோடு வேலை செய்கிறவருக்கும், மின்தடையின்போது கைப்பேசியின் மின்னேற்றத்தைப் பேசுவதற்காகச் சேமிக்க வேண்டியவருக்கும் தனி விளக்கு தேவைப்படும். ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள பொருளைக் கால்வாயின் மேல் நீட்டிப் பிடிப்பதைவிட, அதில் சிறு பங்கு விலையுள்ள ஒரு பொருளை நீட்டுவது நல்லது.

இரண்டாம் படி: எடையும் நீளமும்

நம் ஊர்களில் சாவிக்கொத்தை மோட்டாரின் சாவித் துவாரத்தில் தொங்கவிட்டபடியே ஓட்டுகிறோம். கப்சாய் எனப்படும் சிறு வகை மோட்டார் சைக்கிள்களில் சாவிக்கொத்து மேடுபள்ளங்களில் ஆடி முன்மூடியில் உராயும். கனம் கூடினால் சாவித் துவாரத்தின் உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகளும் நாளடைவில் தேயும். ஆகவே பேட்டரியோடு சேர்த்து 30 கிராமுக்குள் இருக்கும் விளக்கையே தேடுங்கள். பேட்டரியை உள்ளேயே கொண்ட சில விளக்குகளின் எடை 10 கிராமுக்கும் குறைவு. நைட்கோர் நிறுவனத்தின் டியூப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ட்ரிபிள் ஏ பேட்டரி போடும் விளக்குகள் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் வரும், 25 கிராம் அளவில் நிற்கும். அதற்கு மேல் போனால் அது சாவிக்கொத்துக்குரிய விளக்கே அல்ல.

மோட்டார் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வண்டி வழியில் நின்றுவிட்டால் சாவி துவாரத்தில் இருக்கும். அதில் மாட்டிய விளக்கு உங்கள் கையில் இருக்காது. ஆகவே ஒரு கையால் அழுத்தி உடனே கழற்றக்கூடிய சிறு கொக்கி ஒன்றின் வழியாக மட்டுமே விளக்கை வளையத்தில் இணையுங்கள். விளக்கோடு வரும் மெல்லிய கம்பி வளையம் பெரும்பாலும் சீக்கிரம் விரிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் ஒன்றிரண்டு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகு வளையத்தை வாங்கி மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: பேட்டரி

முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே அவசரப்பட வேண்டாம். சாவிக்கொத்து டார்ச்சுகள் பேட்டரியைப் பொறுத்து மூன்று வகைப்படும்.

முதலாவது, காசு வடிவப் பேட்டரியில் எரிபவை. போட்டான் மைக்ரோலைட் போன்ற மெல்லிய விளக்குகள் இந்த வகை. இவற்றில் சி.ஆர். 2032 அல்லது இரண்டு சி.ஆர். 2016 பேட்டரிகள் இருக்கும். எடை சில கிராம்தான், அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் எரியும். ஆனால் இப்பேட்டரிகளால் அதிக மின்னோட்டம் தர முடியாததால், புதிதாக இருக்கும்போது இருந்த ஒளி போகப்போக மெல்ல மங்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குழந்தை இந்தப் பேட்டரியை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே கடும் இரசாயனப் புண்ணை உண்டாக்கக்கூடும். பேட்டரி இருக்கும் மூடியைத் திருகாணி கொண்டு பூட்டாத விளக்கைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவுச் சந்தையில் இரண்டு மூன்று ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பொம்மை வடிவ விளக்குகளில் பெரும்பாலும் இந்தத் திருகாணி இருப்பதில்லை.

இரண்டாவது, ட்ரிபிள் ஏ பேட்டரி போடுபவை. எந்த மளிகைக் கடையிலும் எண்ணெய் நிலையத்திலும் பேட்டரி கிடைக்கும் என்பதால், முதன்முறை வாங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். பீனிக்ஸ் நிறுவனத்தின் இ01, ஒலைட்டின் ஐ3இ போன்றவை இவ்வகையில் பலரும் அறிந்தவை. இவற்றில் சாதாரண அல்கலைன் பேட்டரியைப் போட்டு மறந்துவிடாதீர்கள். தீர்ந்துபோன அல்கலைன் பேட்டரியிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து அலுமினிய உடலின் உட்புறத்தை அரிக்கும். பிறகு பேட்டரியை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிடும். நம் ஊரின் வெப்பமும் ஈரமும் இந்தக் கசிவுக்குத் துணைபோகின்றன. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மறுபடி மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒரு வழி. சான்யோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு கொண்டுவந்து இப்போது பானசோனிக் பெயரில் விற்கப்படும் எனலூப் போன்ற, சும்மா இருக்கும்போது மின்னேற்றத்தை அதிகம் இழக்காத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொரு வழி, மின்னேற்ற முடியாத 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி. விலை அதிகம், ஆனால் எடை குறைவு, நெடுங்காலம் கெடாது. எப்போதாவது மட்டும் விளக்கைப் பயன்படுத்தும் முதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ட்ரிபிள் ஏ அளவிலேயே 10440 என்ற லித்தியம் அயனி பேட்டரி விற்கப்படுகிறது. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தாலும், முழுதாக மின்னேறிய நிலையில் அது 4.2 வோல்ட் தரும். 1.5 வோல்ட்டுக்குச் செய்த விளக்கில் அதைப் போட்டால் மின்சுற்று கருகலாம், விளக்கு கையைச் சுடுமளவுக்குச் சூடாகலாம். விளக்கோடு வரும் தாளில் 10440 போடலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது, பேட்டரியை உள்ளேயே கொண்டு யு.எஸ்.பி. கம்பியில் மின்னேற்றுபவை. கைப்பேசியோடு சேர்த்து மின்னேற்றலாம் என்பதால் இளைஞர்கள் இவற்றையே விரும்புகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் உள்ளிருக்கும் பேட்டரியை மாற்ற முடியாதபோது, அது தளர்ந்தால் விளக்கும் முடிந்தது என்று பொருள். லித்தியம் அயனி பேட்டரி வெப்பத்தில் விரைவாகத் தளரும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். எனவே இவ்வகை விளக்கைக் காரின் முன்தட்டில் போட்டுவைக்கக் கூடாது. யு.எஸ்.பி. சி துளை உள்ள மலிவான விளக்குகள் சிலவற்றில் அதற்குரிய சிறு மின்தடைப் பாகங்களை (ரெசிஸ்டர்) வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவை இருமுனையும் சி வகையாக உள்ள கம்பியில் மின்னேறாது, ஒரு முனை பழைய அகலமான ஏ வகையாக உள்ள கம்பியில்தான் மின்னேறும். விளக்கு பழுது என்று முடிவுகட்டுமுன் கம்பியை மாற்றிப் பாருங்கள். சுவரில் செருகும் மின்னேற்றி தனியாக வாங்கினால் மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பது உண்மையா என்று கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். பேட்டரியின் மில்லி ஆம்பியர் மணியை 1000ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் அதிலுள்ள ஆற்றல் வாட் மணியில் கிடைக்கும். 800 மில்லி ஆம்பியர் மணியும் 1.2 வோல்ட்டும் உள்ள ட்ரிபிள் ஏ பேட்டரியில் இருப்பது 0.96 வாட் மணி. சுண்டுவிரல் நுனியளவே உள்ள 10180 வகை லித்தியம் பேட்டரி 80 மில்லி ஆம்பியர் மணியும் 3.7 வோல்ட்டும் கொண்டது என்றால், அதிலிருப்பது ஏறத்தாழ 0.3 வாட் மணி, முன்னதில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால், ட்ரிபிள் ஏ விளக்கு 10 லூமனில் ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டியும், 100 லூமனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் எரியும். இப்போது கடையில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். விரலளவு விளக்கில் 1000 லூமன் மூன்று மணி நேரம் எரியும் என்று எழுதியிருந்தால் அதற்கு 30 வாட் மணி வேண்டும். உள்ளங்கையை நிறைக்கும் பெரிய 21700 வகைப் பேட்டரியிலேயே சுமார் 18 வாட் மணிதான் இருக்கிறது. அந்தப் பெட்டியை மறுபேச்சின்றிக் கீழே வைத்துவிடலாம்.

நான்காம் படி: எவ்வளவு ஒளி, எந்த ஒளி முதலில்?

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. கேண்டெலா என்பது ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிந்து செல்கிறது என்பதன் அளவு. தரமான நிறுவனங்கள் எஃப்.எல். 1 என்ற அமெரிக்க அளவீட்டு முறைப்படி இவற்றை அச்சிடுகின்றன. அந்த முறைப்படி, விளக்கை எரியவிட்டு 30 நொடி கழிந்த பிறகே லூமனை அளக்க வேண்டும். எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம். ஆகவே ஒரு மணி நேரம் எரியும் என்றால் ஒரு மணி நேரமும் அதே ஒளி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒளி எட்டும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். அது முழுநிலவு வெளிச்சத்தை ஒத்தது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் வந்துவிடும். 100 கேண்டெலா என்றால் 20 மீட்டர், 400 கேண்டெலா என்றால் 40 மீட்டர். நடைமுறையில் அதில் பாதித் தூரத்துக்குள்தான் பொருளைத் தெளிவாக இனங்காண முடியும்.

இரண்டு மடங்கு லூமன் என்பது கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்றுவதில்லை. 45 லூமனுக்கும் 90 லூமனுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு விளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டால்தான் நன்றாக உணர முடியும். பழைய மேக்லைட் சொலிடேர் இழை விளக்கு ஏறத்தாழ இரண்டு லூமன்தான் தந்தது. அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தலைமுறை காலம் தள்ளியது. மேலும், இருபது கிராம் அலுமினிய உடலுக்கு வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் குறைவு. அதில் 300, 400 லூமன் எரியவிட்டால் ஓரிரு நிமிடத்தில் கை பொறுக்காத சூடு ஏறும், அல்லது விளக்கே தன் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஆக, பெட்டியில் உள்ள அந்தப் பெரிய எண் முதல் ஒரு நிமிடத்துக்கு மட்டுமே உங்களுக்குச் சொந்தம்.

இதைவிட மிக முக்கியமானது குறைந்த ஒளி. இருட்டுக்குப் பழகிய கண் அந்த நிலையை அடைய இருபது, முப்பது நிமிடம் ஆகிறது. பலமான வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால் அது கலைந்துவிடும். இரவில் எழுந்து பிள்ளைக்கு மருந்து எடுக்கும்போதும், அறையில் படுத்திருப்பவரை எழுப்பாமல் சட்டையைத் தேடும்போதும் ஒரு லூமன் போதும், அரை லூமன் இன்னும் நல்லது. ஆகவே கடையில் விளக்கை வாங்கிப் பார்க்கும்போது முதல் அழுத்தத்தில் எந்த ஒளி வருகிறது என்று பாருங்கள். குறைந்த ஒளியில் தொடங்கி, அடுத்த அழுத்தத்தில் கூடும் விளக்கே சிறந்தது. நைட்கோர் டியூப் 1 லூமனிலிருந்து 45 லூமன் வரை போகும். ஒலைட்டின் ஐ1ஆர் 2 விளக்கு 5, 150 என்ற இரண்டே அளவுகள் கொண்டது. 1 முதல் 5 லூமனுக்குள் ஒன்று, 30 முதல் 100 லூமனுக்குள் ஒன்று என இரண்டு அளவுகள் இருந்தால் போதும். கண்ணைப் பறிக்கும் மின்னல் ஒளியும் ஆபத்தில் உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். ஒளியும் வேண்டாதவை. அவற்றைத் தாண்டித்தான் அணைக்க முடியும் என்ற அமைப்புள்ள விளக்கை வாங்கவே வேண்டாம், அவசரத்தில் எரிச்சலூட்டும்.

ஐந்தாம் படி: ஒளியின் நிறம்

வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான். அதன் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நகமுரா அந்தக் கண்டுபிடிப்பின்போது பணியாற்றிய நிச்சியா நிறுவனத்தின் 219பி, 519ஏ வகை எல்.இ.டி.களை டார்ச் ஆர்வலர்கள் இன்றும் தேடி வாங்குவதற்குக் காரணம் உண்டு. மலிவான எல்.இ.டி.யில் ஒளிர்பொருள் குறைவு, நீலம் அதிகம். அந்த ஒளியில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோல் மங்கித் தெரியும்.

தோட்டப்புறத்தில் இது அழகு பற்றிய செய்தி அல்ல. எலியைத் தேடிச் செம்பனைக்குள் வரும் நாகம் ஆளைக் கண்டதும் பெரும்பாலும் விலகிப் போகும். கெடா, பெர்லிஸ் பக்கம் காணப்படும் மலாயாக் குழிவிரியன் அப்படியல்ல. காய்ந்த இலைகளுக்கிடையே இலையின் நிறத்திலேயே அசையாமல் கிடக்கும், காலடி ஓசைக்கு நகராது. நீலம் கலந்த ஒளியில் சருகும் அதன் உடலிலுள்ள முக்கோணக் குறிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நிறங்களை உள்ளபடி காட்டும் ஒளியில் அந்தக் குறிகள் பிரிந்து தெரிய வாய்ப்பு அதிகம். மின்கம்பியின் நிறம் பார்க்கும்போதும், அடிபட்ட காயத்தைத் துடைத்துப் பார்க்கும்போதும் இதே வேறுபாடு தெரியும்.

ஆகவே சி.ஆர்.ஐ. என்ற நிறக்காட்டு எண் 90 அல்லது அதற்கு மேல் உள்ளதா என்று பாருங்கள். ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் நிற வெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வின் வரை இருந்தால் நடுநிலையான வெள்ளையாக இருக்கும். 6500 கெல்வின் நீலம் தட்டும். அப்படியே ஒளி பரவலாக விழுகிறதா என்றும் பாருங்கள். நடுவில் சிறு வட்டமாகக் குவியும் ஒளியைவிட, காலடியிலிருந்து சில மீட்டர் வரை சீராகப் பரவும் ஒளியே நடக்கும்போது பயன்படும். செம்பனை நிரைகளுக்குள் நெடுந்தூரம் நடப்பவர்கள் முழங்கால் அளவு காலணியும் பெரிய டார்ச்சும் கொண்டுதான் போக வேண்டும். சாவிக்கொத்து விளக்கை நம்பி அங்கே இறங்கக் கூடாது.

ஆறாம் படி: விசையும் நீர்க்காப்பும்

திருகி எரிய வைக்கும் விளக்குகள் பைக்குள் தானாக எரிவது அரிது. அதிகம் பழுதாவதும் இல்லை. ஆனால் இரண்டு கைகள் வேண்டும். ஒரு கையில் சந்தைப் பையோடு கதவைத் திறக்கும்போது சிரமம். விரலின் வலிமை குறைந்த முதியவர்களுக்கும் திருகுவது கடினம். பொத்தான் விளக்குகள் ஒரு கைக்கு வசதியானவை, ஆனால் சாவிகளுக்கிடையே நெருக்கப்பட்டு எரிந்து பேட்டரியைத் தீர்த்துவிடும். பொத்தான் உடலின் மட்டத்துக்குக் கீழே பதிந்திருக்கிறதா, அல்லது பூட்டிவைக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி மாற்றக்கூடிய விளக்குகளில் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பெரும்பாலானவை எரியாது. பயணத்தின்போது இது எளிய பாதுகாப்பு.

நீர்க்காப்பைப் பொறுத்தவரை, ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். நம் மழைக்கு 7 இருந்தால் கவலையில்லை. யு.எஸ்.பி. துளையை மூடும் ரப்பர் அடைப்பு தளர்வாக இருந்தால் எந்த எண்ணை அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: வாங்குவதும் வீட்டில் சோதிப்பதும்

பெயர் பெற்ற நிறுவனங்களின் சாவிக்கொத்து விளக்குகள் பெரும்பாலும் ஐம்பது முதல் நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கின்றன. ஷாப்பீ, லசாடா போன்ற இணைய விற்பனைத் தளங்களில் வாங்கினால், அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையா என்றும், பழுதானால் உள்நாட்டிலேயே மாற்றித் தருவார்களா என்றும் முதலில் உறுதிசெய்யுங்கள். நகரத்து ஹார்டுவேர் கடையில் ஒன்றிரண்டு வகைகள்தான் இருக்கும் என்றாலும், கையில் பிடித்து, விசையை அழுத்தி, எடையை உணர்ந்து வாங்கும் வசதி அங்கேதான் உண்டு. இரண்டும் ஒரே விலை என்றால் நான் கடையையே தேர்ந்தெடுப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியையும் இரசீதையும் எறிந்துவிடாமல் முதல் நாளே சோதித்துவிடுங்கள். பேட்டரியை முழுதாக மின்னேற்றி, இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வெள்ளைச் சுவரில் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். ஒளியின் ஓரம் பச்சையாகவோ நடுப்பகுதி நீலமாகவோ தெரிகிறதா என்று கவனியுங்கள். குறைந்த ஒளியில் வைத்துக் கைப்பேசிக் கேமராவின் வழியே பார்த்தால் திரையில் கோடுகள் ஓடுகின்றனவா என்று தெரியும். கோடுகள் ஓடினால் விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகிறது என்று பொருள். சிலருக்கு அது தலைவலி தரும். பிறகு அதிக ஒளியில் எரியவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் எரிகிறது என்று குறியுங்கள், சூடு ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஐ.பி.எக்ஸ். 7 என்று எழுதியிருந்தால் ஒரு குவளை நீரில் பத்து நிமிடம் போட்டு எடுக்கலாம். உள்ளே ஆவி படிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

பயன்படுத்தத் தொடங்கிய பின்

யு.எஸ்.பி. விளக்கை மாதம் ஒருமுறை, சம்பள நாள் போல் மறக்க முடியாத ஒரு நாளில் மின்னேற்றிவிடுங்கள். விளக்கு தலையணைக்கு அடியிலோ துணிக்குவியலின் மேலோ இருக்கும்போது மின்னேற்றக் கூடாது. தரையில் அல்லது பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, கண்பார்வையில் இருக்கும்போது மட்டும் மின்னேற்றுங்கள். மூடியின் திருகுப் புரியில் செம்மண் துகள் ஏறினால் திருகும்போது நறநறவென்று கேட்கும். உலர்ந்த துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் சிறிது சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலிய வகை எண்ணெய் தடவினால் சில ரப்பர் வகைகள் உப்பிக் கெட்டுவிடும். விமானத்தில் போகும்போது தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்காக ஒப்படைக்கும் பயணப் பெட்டியில் போடக் கூடாது.

வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கும் ஒன்று வாங்குங்கள். ஒரே பொத்தான், ஒரே ஒளியளவு, 10 முதல் 20 லூமன், ட்ரிபிள் ஏ லித்தியம் பேட்டரி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கழுத்துக் கயிற்றில் மாட்டுவதானால், எங்காவது சிக்கி இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும் இணைப்புள்ள கயிறாக இருக்க வேண்டும்.

தளர்ந்து உப்பிய லித்தியம் பேட்டரியையோ, அது உள்ளே அடைபட்ட விளக்கையோ கொல்லையில் எரிக்கும் குப்பையோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நெருப்பில் அது வெடித்துச் சிதறும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்திருந்து, மின்கழிவுப் பெட்டி வைத்திருக்கும் பேரங்காடிக்குப் போகும்போது அதில் போட்டுவிடுங்கள்.